முட்டிக்குள் இருக்கும் பிறை

ஜொகூர் பாருவில் காற்பந்து ஆடும் இளைஞருக்கு முட்டி வீங்கினால், "ஜவ்வு கிழிந்திருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள்" என்று உடனே யோசனை வருகிறது. தோட்டத்தில் பல்லாண்டு பால்மரம் சீவிய பாட்டிக்கு வலித்தாலும் அதே யோசனைதான். இருவருக்கும் அந்தப் படம் ஒரே பதிலைச் சொல்லுமா? மருத்துவம் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள் உள்ளன. இவற்றுக்குத்தான் மெனிஸ்கஸ் என்று பெயர். உடல் பாரத்தைப் பகிர்ந்து தாங்குபவை இவை. ஆனால், 1897-இல் பிரிட்டனின் அறுவை மருத்துவர் பிளாண்ட் சட்டன் இவற்றைப் பயனற்ற எச்சம் என்றார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், மெத்தை தெரியாது. எனவே, கிழிந்ததாகத் தோன்றினால் முழுவதையும் வெட்டி எடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அப்படி வெட்டப்பட்ட முட்டிகளில் எலும்பு தட்டையாகி, மூட்டு இடைவெளி குறுகுவதை 1948-இல் ஃபேர்பேங்க் எடுத்துக் காட்டினார்.

1962-இல் ஜப்பானின் மசாகி வாத்தனாபே, சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி, கிழிந்த பகுதியை மட்டும் அகற்றினார். துளையே இல்லாமல் பார்க்க எம்.ஆர்.ஐ. வந்தது. 1973-இல் லாட்டர்பர் அதன் அடிப்படையை வெளியிட்டார். 1977-இல் டமாடியன் குழு மனித உடலை முதன்முதலில் படமெடுக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. 1980-களில் முட்டியும் அதில் தெளிவாகத் தெரிந்தது. நல்ல மெத்தை கறுப்பாகத் தெரியும். அதன் மேற்பரப்பைத் தொடும் வெண்கோடு கிழிசலின் அடையாளம்.

பார்க்க முடிந்ததும் வேறொரு சிக்கல் எழுந்தது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரை ஆராய்ந்த முடிவு 2008-இல் வெளியானது. கிழிசல் காணப்பட்டவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய மாதத்தில் முட்டி வலியே இல்லை! 2013-இல் பின்லாந்து ஆய்வு, தேய்மானக் கிழிசலுக்குச் செய்த அறுவை, வெறும் போலி அறுவையைவிட அதிகப் பயன் தரவில்லை என்று காட்டியது.

ஆக, திடலில் முட்டி திருகி மடக்க முடியாமல் நிற்கும் இளைஞருக்கு, தையல் போடலாமா என்று முடிவெடுக்க அந்தப் படம் பெருந்துணை. பாட்டியின் படத்தில் தெரியும் கிழிசலோ வயதின் தேய்மானமாக இருக்கலாம். முதலில் உடற்பயிற்சி சிகிச்சையே போதுமானதாகலாம். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது முட்டிக்கும் பொருந்தும்.