ஆகும்பேயில் ஒலிக்காத கன்னடம்: மொழிமாற்றத் தடையும் மறுஆக்கங்களின் வரலாறும்

சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொடரை அறியாத நண்பர்கள் இங்கே குறைவாகவே இருப்பர். கர்நாடகத்தின் மலைநாட்டுச் சிற்றூரான ஆகும்பேயில் எடுக்கப்பட்ட தொடர் அது. இயக்குநர் கன்னடர், அனந்த் நாக், மாஸ்டர் மஞ்சுநாத் எனக் கன்னட நடிகர்கள் பலர் அதில் நடித்தனர். கதைகளை எழுதிய ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர். 1986–87இல் தூர்தர்ஷனில் அது ஒளிபரப்பானபோது அந்த ஊரும் அம்முகங்களும் பேசிய மொழி இந்தி. சில பகுதிகள் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டன. கன்னடத்தில் அத்தொடர் தொலைக்காட்சிக்கு வந்தது 2020ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகள். சங்கர் நாக் 1990இலேயே சாலை விபத்தில் மறைந்துவிட்டார். சுவாமி கன்னடம் பேசியதை அவர் கேட்கவில்லை.

தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பு அப்போது பெரும்பாலும் இந்தியிலேயே இருந்தது. ஆனால் அந்த முதல் ஒளிபரப்பு முடிந்த பின்னரும் கன்னட ஒலிவடிவம் வர வழியில்லாமற் போனதற்குக் காரணம் வேறு: கன்னடத் திரைத்துறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட மொழிமாற்றத் தடை. பெங்களூரில் அமர்ந்து தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்பவன் என்ற முறையிலும், அதற்கு முன்பே அவற்றின் ரசிகனாக இருந்தவன் என்ற முறையிலும், இத்தடையின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ‘மூலம் சிறந்ததா, ரீமேக் சிறந்ததா’ என்று நாம் ஓயாது வாதிடுகிறோம். எது நம் கண்ணுக்கு எட்ட வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி அதற்கு முந்தியது.

ஒரு முரணிலிருந்து தொடங்கலாம். 1943இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் தயாரிப்பில், ஆர். நாகேந்திர ராவ், சுப்பையா நாயுடு ஆகியோரின் நாடகக் குழுவைக் கொண்டு ‘சத்ய ஹரிச்சந்திரா’ என்னும் கன்னடப் படம் எடுக்கப்பட்டது. அதற்குத் தமிழ்க் குரல்கள் சேர்க்கப்பட்டு 1944இல் ‘ஹரிச்சந்திரா’ என வெளியிடப்பட்டது. இந்தியாவில் மொழிமாற்றம் செய்யப்பட்ட முதல் படம் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் குறிப்பிடுவது இதனையே. பின்னாளில் மொழிமாற்றத்தை முற்றாக விலக்கிய மொழிதான் அதன் முதல் மூலமொழி.

ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான ‘பேடர கண்ணப்பா’ (1954) சென்னையில் உருவானது. அது தெலுங்கில் ‘ஸ்ரீ காளஹஸ்தீஸ்வர மஹாத்மியம்’ என மறுஆக்கம் பெற்றபோது அதிலும் அவரே நடித்தார். கன்னடம் அல்லாத மொழியில் அவர் நடித்த ஒரே படம் அதுவே. சென்னையின் ஸ்டூடியோக்களில் நான்கு மொழிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. கதையும் தொழில்நுட்பக் கலைஞர்களும் மொழி எல்லையைப் பாராமல் சென்று வந்தனர்.

அந்தப் போக்குவரத்து சமமானதாக இருக்கவில்லை. 1956 நவம்பர் 1இல் கன்னடம் பேசும் பகுதிகள் மைசூர் மாநிலமாக ஒன்றிணைந்த பின்னரும் பெங்களூரின் திரையரங்குகளில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலப் படங்களே ஓங்கி நின்றன. கன்னடப் படங்களின் எண்ணிக்கை குறைவு. அவையும் சென்னையை நம்பியிருந்தன. கன்னடத்தில் புதிதாக ஒரு படம் எடுப்பதைவிடத் தமிழ், தெலுங்குப் படமொன்றுக்குக் கன்னடக் குரல் சேர்ப்பது மலிவானது. இந்நிலை நீடித்தால் கன்னட நடிகருக்கும் எழுத்தாளருக்கும் இசைக்கலைஞருக்கும் வேலை இராது என்ற அச்சம் கற்பனையன்று. எழுத்தாளர் அ.ந. கிருஷ்ணராவ், ம. ராமமூர்த்தி, வாட்டாள் நாகராஜ் போன்றோர் முன்னின்ற 1960களின் கன்னட இயக்கம் இந்த அச்சத்திலிருந்து எழுந்தது. ராஜ்குமாரும் மொழிமாற்ற எதிர்ப்பில் இணைந்தார். தமிழர்களாகிய நாம் இவ்வியக்கத்தைப் படிக்கும்போது, அதன் எதிர்ப்புக்கு இலக்கானவற்றுள் தமிழ்ப்படங்களின் ஆதிக்கமும் ஒன்று என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியது இத்தடையின் வடிவம். இதைச் சட்டமன்றம் இயற்றவில்லை. தயாரிப்பாளர், விநியோகஸ்தர், திரையரங்க உரிமையாளர், கலைஞர் சங்கங்களின் கட்டுப்பாடே தடையாக நின்றது. எழுதப்பட்ட சட்டம் இல்லாததால் அதை எதிர்த்து முறையிட எளிதில் இடமில்லை. நீக்கும் நாளும் குறிக்கப்படவில்லை. கன்னடத் திரையுலகம் 1970களில் புட்டண்ண கனகால், கிரீஷ் கார்னாட், கிரீஷ் காசரவள்ளி போன்றோரால் வலுப்பெற்றது. அதன் பின்னரும் நலிந்த குழந்தைக்கெனப் போடப்பட்ட வேலி வளர்ந்த மரத்தைச் சுற்றி அப்படியே நின்றது.

வேலிக்குள் வளர்ந்தவற்றில் ஒன்று மறுஆக்கம். மூலத்தைக் கன்னடத்தில் காட்ட இயலாது. ஆகவே கதையை வாங்கிப் புதிதாக எடு. இதனால் விளைந்தவை எல்லாம் தாழ்ந்தவை என்று சொல்லும் ரசிகர் கூட்டத்தில் நான் இல்லை. மலையாள ‘மணிச்சித்ரத்தாழு’ (1993) கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும் (2004) தமிழில் ‘சந்திரமுகி’யாகவும் (2005) இந்தியில் ‘பூல் புலையா’வாகவும் (2007) மாறியதை எண்ணிப் பாருங்கள். மலையாள மூலத்தில் அந்த நடனமங்கை தஞ்சையிலிருந்து வந்த தமிழ்ப்பெண். கன்னடத்திலும் தமிழிலும் அவள் பாடும் மொழி தெலுங்கு; இந்தியில் வங்காளம். அரண்மனைக்குள் அடைபட்ட அயல்மொழி எது என்பதை ஒவ்வொரு சமூகமும் தனக்கேற்பத் தேர்ந்துகொண்டது. குரல்மாற்றம் மட்டும் செய்திருந்தால் இந்தத் தேர்வு நிகழ்ந்திராது. நல்ல மறுஆக்கம் கதையை ஓர் ஊரில் குடியேற்றுகிறது.

தொலைக்காட்சியில் இதே போக்கு பன்மடங்கு பெருகியது. ஒரே குழுமம் பல மொழிகளில் அலைவரிசை நடத்துவதால் ஒரு மொழியில் வென்ற கதை அடுத்த ஆண்டே அண்டை மொழிக்குச் செல்கிறது. தெலுங்கின் ‘முத்த மந்தாரம்’ தமிழில் ‘செம்பருத்தி’யாகவும் கன்னடத்தில் ‘பாரு’வாகவும் வந்தது. மலையாளத்தின் ‘கறுத்தமுத்து’ கன்னடத்தில் ‘முத்துலட்சுமி’யாகவும் தமிழில் ‘பாரதி கண்ணம்மா’வாகவும் வந்தது. எதிர்த்திசையில், கன்னட ‘அக்னிசாட்சி’ தமிழில் ‘திருமணம்’ ஆனது. 2018இல் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ கன்னடத்தில் ‘வரலட்சுமி ஸ்டோர்ஸ்’, தெலுங்கில் ‘வதினம்மா’, மலையாளத்தில் ‘சாந்த்வனம்’, இந்தியில் ‘பாண்டியா ஸ்டோர்’ எனப் பரவியது.

எங்கள் வீட்டில் தமிழ், கன்னடம் ஆகிய இரு வடிவங்களையும் சில மாதங்கள் அடுத்தடுத்துப் பார்த்தோம். மளிகைக்கடை, நான்கு சகோதரர்கள், கொழுந்தன்மாரைப் பிள்ளைகளாக வளர்க்கும் அண்ணி என்னும் அடிப்படை ஒன்றே. என் அம்மா இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்ன கருத்தையே என் ஆய்வுக் குறிப்பேட்டில் முதலில் எழுதினேன்: “அந்த வீட்டுல தனத்தை எனக்குத் தெரியும். இந்த வீட்டுல அவ பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி.” தமிழ் மூலம் 2023 வரை ஓடியது; கன்னட வடிவம் நெடுநாள் நீடிக்கவில்லை. மறுஆக்கம் வெல்வதும் தோற்பதும் கதையால் மட்டும் அமைவதில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் கன்னடப் பார்வையாளருக்குத் தமிழ் மூலத்தைத் தம் மொழியில் கேட்டு ஒப்பிட வாய்ப்பு இருந்ததா என்பதே என் கேள்வி. எங்களுக்கு இரு மொழியும் தெரியும். ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்கு ஒப்பீடே இல்லை.

இத்தகைய தடை கன்னடத்துக்கு மட்டும் உரியதன்று. இன்று ஆசியத் தொடர்களின் தலைமையிடமாகத் திகழும் தென்கொரியா, காலனிய வடுவின் காரணமாக ஜப்பானிய வெகுசனப் பண்பாட்டை நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தது. 1998இல்தான் படிப்படியாகக் கதவு திறக்கப்பட்டது. ஜப்பானியத் தொடர்களுக்குக் கம்பிவடத் தொலைக்காட்சியில் இடம் கிடைத்தது 2004இல். கதவு மூடியிருந்தபோது கதைகள் வராமல் இருந்தனவா? பெயர் சொல்லாமல் வந்தன. 1999இல் எம்பிசி அலைவரிசையின் தொடரொன்று ‘லவ் ஜெனரேஷன்’ என்னும் ஜப்பானியத் தொடரின் நகல் என்ற குற்றச்சாட்டினால் முன்கூட்டியே முடிக்கப்பட்டது. கதவு திறந்த பின்னர் நிகழ்ந்தது வேறு. ‘விண்டர் சொனாட்டா’ (2002) 2003இல் ஜப்பானியப் பொது ஒளிபரப்பான என்எச்கேயில் ஜப்பானியக் குரலுடன் ஒளிபரப்பாகிப் பெரும் ரசிகர் கூட்டத்தைப் பெற்றது. யோகோ காமியோவின் ‘ஹானா யோரி டாங்கோ’ சித்திரக்கதை 2001இல் தைவானிலும் 2005இல் ஜப்பானிலும் 2009இல் கொரியாவிலும் முறையான தொடர்களாயிற்று. மொழிமாற்றமும் மறுஆக்கமும் அங்கே ஒன்றையொன்று விழுங்கவில்லை. ஒரே ரசிகை மூன்றையும் பார்த்து, எந்த நாயகன் சிறந்தவன் என்று இன்றும் வாதிடுகிறாள்.

கர்நாடகத்தில் கதவைத் தட்டியவர் தயாரிப்பாளரோ கலைஞரோ அல்லர், பார்வையாளர். 2012 மே மாதம் ஆமிர்கானின் ‘சத்யமேவ ஜெயதே’ தமிழ், தெலுங்கு, மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் ஒளிபரப்பானது. எதிர்ப்பின் காரணமாகக் கன்னடக் குரல் மட்டும் தொலைக்காட்சியில் இடம்பெறவில்லை. பெண் கருக்கொலை பற்றியும் மருத்துவ முறைகேடு பற்றியும் தம் மொழியில் கேட்கும் வாய்ப்பைக் கன்னடர் தம் மொழியின் பெயராலேயே இழந்தனர். அவ்வாண்டு ‘கன்னட கிராஹகர கூட்டா’ என்னும் நுகர்வோர் அமைப்பு இந்தியப் போட்டி ஆணையத்தை அணுகியது. ரசிகர் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. நுகர்வோர் என்ற சொல்லுக்கு உண்டு. 2015 ஜூலையில், கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை உள்ளிட்ட அமைப்புகள் மொழிமாற்றத்தைத் தடுத்தது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்து ஆணையம் அபராதம் விதித்தது. ‘மகாபாரத்’ தொடரின் வங்காள ஒலிவடிவத்தைத் தடுத்த மேற்குவங்கக் கலைஞர் அமைப்பின் வழக்கிலும் 2017 மார்ச் 7இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது.

தீர்ப்பால் நடைமுறை உடனே மாறிவிடவில்லை. அதே மார்ச் மாதத்தில் ‘என்னை அறிந்தால்’ படம் கன்னடக் குரலுடன் ‘சத்யதேவ் ஐபிஎஸ்’ என வெளிவந்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2018 டிசம்பரில் ‘கேஜிஎஃப்’ தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி ஒலிவடிவங்களில் இந்தியா முழுதும் சென்று வென்றபோது, பிறர் வீட்டில் தான் பேசலாம், தன் வீட்டில் பிறர் பேசலாகாது என்ற வாதம் வலுவிழந்தது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்று அலைவரிசைகள் வெறிச்சோடியபோது, 2013இல் தமிழில் வந்துவிட்ட ‘மகாபாரதம்’ கன்னடத்துக்கு வந்தது. மால்குடியும் அப்போதுதான் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஊரடங்கில் வீட்டில் வேலையின்றி இருந்த ஒளியமைப்பாளரும் ஒப்பனைக் கலைஞரும் தங்கள் அலைவரிசையில் வேறொருவரின் உழைப்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரு தொடரை எடுக்க ஒரு படப்பிடிப்புக் குழுவே வேண்டும். குரல் சேர்க்கச் சிலர் போதும். தமிழகச் சின்னத்திரைக் கலைஞர்களும் இதே காரணத்துக்காக டப்பிங் தொடர்களை எதிர்த்துப் போராடியவர்களே. அவர்களுடைய அச்சத்தை மொழிவெறி என ஒதுக்குவது நேர்மையன்று. ஊதியப் பாதுகாப்பு, உள்ளூர்த் தயாரிப்புக்கு உறுதியான ஒளிபரப்பு நேரம், அரசு மானியம் போன்றவை அதற்குரிய தீர்வுகள். பார்வையாளரின் செவியை அடைப்பதைத் தீர்வாகக் கொள்வதற்கில்லை.

தடை தொடங்கிய காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது; எல்லை வகுக்காமல் அரை நூற்றாண்டு நீட்டியதில் நியாயம் இல்லை. மூலத்தைத் தன் மொழியில் கேட்பது பார்வையாளரின் உரிமை. அயற்கதையைத் தன் மண்ணில் மீண்டும் சொல்வது படைப்பாளியின் உரிமை. ஒன்றைப் பறித்து மற்றொன்றைக் காக்க முயன்றபோது மறுஆக்கம் கலைத்தேர்வு என்ற நிலையிலிருந்து கட்டாயம் என்ற நிலைக்கு இறங்கியது. இன்று இணையவழித் தளங்களில் கொரியத் தொடர்கள் தமிழிலும் தெலுங்கிலும் பேசுகின்றன. அவ்வரிசையில் கன்னடம் இடம்பெறுவது இன்னும் அரிது. பழைய வேலி அகன்ற பின்னும் அதன் நிழல் நீள்கிறது என்றே இதனைப் புரிந்துகொள்கிறேன்.

பெங்களூரிலும் மைசூரிலும் 1987இல் ‘மால்குடி டேஸ்’ பார்த்த தமிழர், கன்னடர் எவரேனும் இதைப் படித்தால், இந்தி புரியாத வீட்டுப் பெரியவர்களுக்குக் கதையை யார், எந்த மொழியில் எடுத்துச் சொன்னார்கள் என்பதை இங்கே எழுதுங்கள். பதிவேடுகளில் இல்லாத மொழிமாற்றம் அது. என் ஆய்வின் அடுத்த இயலை அங்கிருந்தே தொடங்க எண்ணுகிறேன்.