பெண்களின் நலமும் குடும்ப வைத்தியரின் தொடர் கல்வியும்

இலங்கையில் ஒருவர் ஐந்து வருடம் மருத்துவபீடத்தில் படித்து, ஒரு வருட உள்ளகப் பயிற்சியையும் முடித்தால் வைத்தியராகப் பணியாற்றலாம். அதன்பின் முப்பது, நாற்பது வருடங்கள் அவர் நோயாளரைப் பார்க்கிறார். அந்த நீண்ட காலத்தில் மருத்துவம் பலமுறை மாறிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு படித்து வெளியேறியவர் மாணவராக இருந்தபோது கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி கிடையாது. இன்று அது பாடசாலையில் ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் தொடர் மருத்துவக் கல்வி.

நான் வடக்கில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். சக வைத்தியர்களோடு சேர்ந்து கற்கும் அமர்வுகளை ஒழுங்கு செய்வதிலும் எனக்குப் பங்குண்டு. பெண்களின் நலம் பற்றி ஒரு குடும்ப வைத்தியர் எதையெல்லாம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், போரைக் கடந்து வந்த எங்கள் மண்ணில் அதில் என்ன விசேடம் இருக்கிறது என்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இது வைத்தியர்களுக்கு மட்டுமான விடயமல்ல. வைத்தியர் எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நோயாளருக்கும் தெரிந்திருந்தால், கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

எங்கே கற்கலாம்?

குடும்ப மருத்துவம் ஒரு தனித் துறை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அதில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகிறது. 1974இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பொது வைத்தியர் கல்லூரியும், 1887 முதல் இயங்கிவரும் இலங்கை மருத்துவச் சங்கமும் விரிவுரைகளையும் செயலமர்வுகளையும் நடத்துகின்றன. 1978இல் ஆரம்பிக்கப்பட்ட யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் சமுதாய, குடும்ப மருத்துவத்துறை இருக்கிறது. வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வன்னியின் உட்புறத்தில் தனியாக ஒரு வைத்தியசாலையைக் கொண்டுநடத்துபவர் ஒருநாள் செயலமர்வுக்காகக் கொழும்புக்குப் போனால், அந்த நாளில் அங்கே வரும் நோயாளரை யார் பார்ப்பது? இணையவழி அமர்வுகள் இந்தச் சிக்கலை ஓரளவு குறைத்திருக்கின்றன.

புதுப்பிக்க வேண்டிய அடிப்படைகள்

முதலாவது புற்றுநோய். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயோ பெருமளவில் தடுக்கக்கூடியது. ஹியூமன் பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017இல் தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் தோறும் நடக்கின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து இலவசமாகப் பரிசோதிப்பது அவற்றின் முக்கிய வேலை. பப் பரிசோதனையோடு, வைரசையே நேரடியாகத் தேடும் பரிசோதனையும் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. 2030க்குள் 15 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளில் 90 வீதமானோருக்குத் தடுப்பூசி, 70 வீதமான பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 வீதமானோருக்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. காய்ச்சலுக்கு மருந்து வாங்க வரும் 36 வயதுப் பெண்ணிடம் "பப் பரிசோதனை செய்தீர்களா அம்மா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். அந்தக் கேள்வியைப் பழக்கமாக்குவதும் கல்விதான்.

இரண்டாவது, பிரசவத்தோடு முடிந்துவிடாத கர்ப்பகால நோய்கள். கர்ப்பத்தில் நீரிழிவு வந்த தாய்க்குப் பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும். எல்லாம் சரியாகிவிட்டதென்று வீட்டில் நினைப்பார்கள். ஆனால் பிரசவத்துக்கு ஆறு வாரங்களின் பின் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். பிறகும் ஒழுங்காகப் பார்த்துவர வேண்டும். மற்றப் பெண்களைவிட இவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புப் பலமடங்கு. கர்ப்பத்தில் உயர் குருதி அமுக்கத்தோடு முன்வலிப்பு நிலை வந்தவர்களுக்குப் பின்னாளில் இருதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. "உங்கள் கர்ப்பங்கள் எப்படி இருந்தன?" என்ற கேள்வி ஐம்பது வயதுப் பெண்ணிடமும் கேட்கப்பட வேண்டியது.

மூன்றாவது, வெட்கத்தால் மறைக்கப்படுபவை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதை ஆராய வேண்டும். இருமும்போது சலம் போவதும் கர்ப்பப்பை இறக்கமும் "பிள்ளை பெற்றவைக்கு உள்ளதுதானே" என்று தள்ளிவிடப்படுகின்றன. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் பலருக்குச் சலக்கசிவு குறைகிறது. இறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை இல்லாமல் வளையம் பொருத்தவும் முடியும்.

போர் விட்டுச்சென்றவை

வேறு நாட்டுப் பாடநூல்களில் ஓரிரு வரியில் கடந்துபோகும் விடயங்கள் எங்களுக்கு அன்றாடம்.

செல் துண்டுகள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் உடலுக்குள் உலோகத் துண்டுகளோடு வாழும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்புமுன் அதைக் கேட்டறிந்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். காந்தப்புலத்தில் உலோகம் அசையலாம், சூடேறலாம். மார்பில் பட்ட பழைய காயத்தால் கொழுப்பு இழையம் இறுகி, புற்றுநோய்க் கட்டியைப் போலவே கையில் தட்டுப்படலாம். அதேவேளை, காயத் தழும்புதான் என்று சொல்லிப் புதிய கட்டியை விட்டுவிடவும் கூடாது. இரண்டையும் பிரித்தறியச் சரியான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

வலிப்பு. தலைக்காயத்தின் பின் வலிப்பு வந்து, பல வருடங்களாக மாத்திரை எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சோடியம் வல்ப்ரோயேட் எடுக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சிப் பாதிப்பும் ஏற்படலாம். ஆகவே பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு வேறு மருந்து பொருந்துமா என்று கர்ப்பம் தரிக்கும் முன்பே நிபுணரோடு பேச வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. வலிப்பு தாயையும் பிள்ளையையும் பாதிக்கும். கார்பமசெபீன், பெனிற்றொயின் போன்றவை குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையினதும் கையில் வைக்கும் குச்சியினதும் பலனைக் குறைத்துவிடும். மூன்று மாத ஊசியையும் கருப்பை வளையத்தையும் அவை பாதிப்பதில்லை. வலிப்புக்குக் கிளினிக் ஒரு பக்கம், குடும்பக்கட்டுப்பாட்டுக்குக் கிளினிக் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் குடும்ப வைத்தியரே.

முள்ளந்தண்டுக் காயம். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணும் கர்ப்பமாகலாம், பிள்ளை பெறலாம். காயம் எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்து அவருக்குப் பிரசவ வலி தெரியாமலே போகலாம். நெஞ்சின் மேற்பகுதி மட்டத்துக் காயமென்றால் பிரசவத்தின்போது குருதி அமுக்கம் திடீரென ஏறி, கடும் தலையிடி வரும். உடனே கவனிக்காவிட்டால் உயிராபத்து. சலத்தொற்றும் படுக்கைப்புண்ணும் கர்ப்பத்தில் கூடும். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும் பப் பரிசோதனை தேவை. ஆனால் கட்டிலில் ஏற முடியாததால் அவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். உயரம் குறைந்த கட்டிலும் உதவிக்கு ஒரு தாதியும் இருந்தால் போதும்.

மனம். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் உளைவு என்று வருபவருக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கும். கணவன் கொல்லப்பட்டிருக்கலாம். மகன் காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத துயரத்துக்கு முடிவும் கிடையாது, சடங்கும் கிடையாது. எங்கள் சமூகத்தின் கூட்டு மனவடு பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் நிறைய எழுதியிருக்கிறார்கள். குடும்ப வைத்தியர் அதைப் படிக்க வேண்டும். பிரசவத்தின் பின்னான மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் உதவும்.

வன்முறை. பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்ணுக்கு உட்பரிசோதனையே அந்த நினைவைக் கிளறிவிடலாம். முதலில் விளக்கிச் சம்மதம் பெறுவது, பெண் உத்தியோகத்தர் ஒருவரை அருகில் வைத்திருப்பது, "நிறுத்துங்கோ" என்றால் உடனே நிறுத்துவது ஆகியவை பயிற்சியால் வருபவை. கணவன் பக்கத்தில் நிற்கும்போது வீட்டு வன்முறை பற்றிக் கேட்கக்கூடாது. செவிகொடுத்தல், தேவையைக் கேட்டறிதல், நம்புதல், பாதுகாப்பை உறுதிசெய்தல், உதவியோடு இணைத்தல் என்ற ஐந்து படிகளை உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கைநூல் கற்பிக்கிறது. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென நட்பு நிலையங்கள் உள்ளன.

எப்படிக் கற்பது?

2009இல் வெளியான கொக்ரேன் மீளாய்வொன்று 81 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கூட்டங்களாலும் செயலமர்வுகளாலும் வைத்தியர்களின் நடைமுறையில் வந்த முன்னேற்றம் இடைநிலையாக 6 வீதம்தான். விரிவுரையும் கலந்துரையாடலும் சேர்ந்த அமர்வுகள் கூடுதல் பலன் தந்தன. மண்டபத்தில் இருந்து கேட்டுவிட்டுச் சான்றிதழோடு வீடு போவதால் பெரிதாக எதுவும் மாறாது.

எனக்குப் பயன் தெரிந்த முறை சிறியது. ஏழெட்டு வைத்தியர்கள் மாதமொருமுறை கூடுவோம். பெயரும் அடையாளமும் நீக்கிய ஒரு நோயாளரின் கதையைப் பேசுவோம். பிறகு எங்கள் பதிவேடுகளைப் பார்ப்போம். 35 வயதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேரிடம் பப் பரிசோதனை பற்றிக் கேட்டிருக்கிறோம்? மூன்று மாதத்தில் அந்த எண்ணிக்கை கூடியதா? குடும்பநல உத்தியோகத்தரையும் தாதியரையும் அழைப்போம். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். மருந்துக் கம்பனி செலவில் நடக்கும் கூட்டமென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

மொழி இன்னொன்று. நாங்கள் ஆங்கிலத்தில் படிக்கிறோம், நோயாளரோடு தமிழில் பேசுகிறோம். இடையில் பல சொற்கள் தொலைந்துபோகின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். மகப்பேற்று நூலையும் தமிழாக்கினார். கூச்சமில்லாமல், மரியாதை குறையாமல் பெண்ணுடலைப் பற்றித் தமிழில் பேசும் பயிற்சி இன்றைய அமர்வுகளிலும் வேண்டும்.

நீங்கள் கேட்கக்கூடியவை

அடுத்தமுறை வைத்தியரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள், சொல்லுங்கள். என் வயதுக்கு எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்? நான் எடுக்கும் மருந்து கர்ப்பத்துக்குப் பாதுகாப்பானதா? என் உடலில் செல் துண்டு இருக்கிறது. எனக்குக் கர்ப்பத்தில் சீனி இருந்தது. உங்களோடு தனியாகப் பேச வேண்டும். பரிசோதிக்கும்போது ஒரு பெண் உத்தியோகத்தர் கூட இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பது வைத்தியரைச் சோதிப்பதாகாது. நல்ல வைத்தியர் இதற்காகக் கோபிக்கமாட்டார்.

வன்முறைக்கு உள்ளான பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும், மனச்சுமையோடு இருப்பவர்கள் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.