சேதுச் சாலையும் தஞ்சைச் சத்திரங்களும்

காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்துவந்து இராமேசுவரத்தில் இராமநாதசுவாமிக்கு அபிடேகம் செய்விப்பதும், சேது எனப்படும் அக்கடற்கரையின் மணலை எடுத்துச் சென்று கங்கையில் கரைப்பதும் சேர்ந்ததே முழு யாத்திரை என்பது பழைய மரபாதலால், வடநாட்டு யாத்திரிகர் தஞ்சைச் சீமையின் வழியே பெருந்தொகையாகப் போவதும் வருவதுமாக இருந்தனர். அவர்கள் நடந்த வழிகளுள் ஒன்று கடலோரமாகத் தெற்கே இறங்கிச் சேதுபதிகளின் இராமநாதபுரம் சீமைக்குள் நுழைந்தது. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேதுபாவாசத்திரத்திலிருந்து மணமேல்குடி வழியாக மீமிசல் வரை நடப்பவர், அவ்வழியின் ஒரு சிறு பகுதியையே கடக்கிறார் என்றாலும், அது எவ்வாறு இயங்கியது என்பதை அறிய அப்பகுதியே போதுமானது. முதல் ஊர் பெயரிலேயே சத்திரத்தைத் தாங்கி நிற்க, மணமேல்குடியில் திரௌபதாம்பாள் பெயராலும் மீமிசலில் இராஜகுமாராம்பாள் பெயராலும் தஞ்சை மராட்டியர் சத்திரங்கள் அமைத்திருந்தனர்.

சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்குவதற்கான இடமும் விலையின்றி உணவு வழங்கும் அறநிலையும் ஆகும். அதன் அன்றாடச் செலவுக்கு ஊர்களும் நிலங்களும் மானியமாக விடப்பட்டமையால், அரண்மனைக் கருவூலத்தை எதிர்பாராமல் அந்த வருவாயைக் கொண்டே அடுப்பு எரிந்தது. பல சத்திரங்கள் அரச குடும்பத்துப் பெண்களின் பெயரைப் பெற்றன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் துணைவி முக்தாம்பாளின் நினைவாக 1802இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரம், யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போன்ற முகப்பையும் வேலைப்பாடமைந்த மரத்தூண்களையும் உடையது.

இச்சத்திரங்களின் நடைமுறையைச் சரபோஜி 1801இல் கும்பினி எனப்பட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு, அதாவது தஞ்சையில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதம் விரிவாகத் தெரிவிக்கிறது. எல்லாச் சாதியாருக்கும் சோறு வழங்கப்பட்டது. பிறர் சமைத்ததை உண்ணாதோர், அரிசியும் பிற பண்டங்களும் பெற்றுத் தாமே சமைத்துக்கொண்டனர். நள்ளிரவில் மணியடித்து, அதுவரை உண்ணாதவர்களை அழைத்து உணவளித்தனர். நோயுற்றோர் குணமாகும் வரை மருத்துவரின் கவனிப்பில் தங்கவும், கருவுற்ற பெண்கள் பேறுகாலத்தில் உதவி பெறவும், அனாதைக் குழந்தைகள் பாலும் கல்வியும் பெறவும் ஏற்பாடு இருந்தது.

இத்தனை விவரங்களையும் அரசர் எழுத்தில் வைத்ததற்கு அரசியல் காரணம் உண்டு. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கும்பினியிடம் சென்றுவிட, சரபோஜியிடம் தஞ்சைக் கோட்டையும் ஓய்வூதியமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே எஞ்சின. சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். வரி விதிக்கும் உரிமையையும் படை நடத்தும் உரிமையையும் இழந்த ஒருவருக்கு, கோட்டைக்கு வெளியே மக்கள் முன் அரசராக விளங்க அன்னதானம் ஒன்றே வழியாக இருந்தது. ஒரத்தநாட்டுச் சத்திரம் உடன்படிக்கைக்கு மூன்றாண்டுகளுக்குப் பின் எழுந்ததையும் இந்த நிலையில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

1855இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசு முடிவுற, சத்திரங்கள் ஆங்கில அரசின் மேற்பார்வைக்குச் சென்றன. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில் இராமேசுவரத் தீவை எட்டியபின், வாரக்கணக்கில் நடந்துவந்த யாத்திரிகர் கூட்டம் அருகிப்போயிற்று. ஆயினும் நடப்பவர் குறைந்ததால் மானிய வருவாய் மறைந்துவிடவில்லை. ஒரத்தநாட்டில் நிகழ்ந்தது போல அது மாணவரின் கல்விக்கும் தங்குமிடத்துக்கும் பயன்பட்டது. சாலை தன் யாத்திரிகரை இழந்த பிறகும் சத்திர அறம் நீடித்ததற்குக் காரணம், அதை நிறுவியவர்கள் கட்டடத்தோடு விளைநிலத்தையும் எழுதிவைத்ததே ஆகும்.