கோணமலை நாடி வந்தோர்

விடுமுறைப் பயணத்தை உணவை முன்வைத்து வகுத்தல், எந்தத் தெருவில் எது சுவையாய்க் கிடைக்கும் என்று விசாரித்துப் புறப்படுதல், ஒரு நகரின் பெருங்கட்டடங்களை விட்டு அதன் குடியிருப்புகளினூடே நடந்து திரிதல் ஆகியவை இக்காலத்து மேனாட்டார் வழக்கங்கள் எனப் பலர் எண்ணுகின்றனர். திருகோணமலையின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு இவ்வெண்ணம் முழுதும் பொருந்துவதன்று என்பது புலனாகும். இத்துறைமுகத்துக்கு வந்தோர் எக்காலத்தும் வயிற்றையும் கருதியே தம் பயணத்தை வகுத்தனர். வணங்க வந்தவரும் அவ்வாறே. வெல்ல வந்தவரும் அவ்வாறே.

வணங்க வந்தோரே முந்தியவர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணேசர்மீது பதிகம் பாடுமளவுக்கு இத்தலத்தின் புகழ் கடல் கடந்து பரவியிருந்தது. தலயாத்திரை என்பது பக்தி மட்டுமன்று. அஃது ஒரு கணக்கும் ஆகும். எத்தனை நாள் நடை, எங்கே தண்ணீர், எந்த மடத்தில் சோறு, எந்த நாளில் விரதம், எப்பொழுது பாரணை என்பவற்றையெல்லாம் எண்ணிய பின்னரே மூட்டை கட்டப்படும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு முன்னோர் கடன் கழிக்க வருவோர்க்கும் அதே கணக்குத்தான். இராவணன் தன் தாயின் கிரியைக்காக அக்கிணறுகளைத் தோற்றுவித்தான் என்பது வழிவழி வந்த கதை. இக்காலத்துத் திருவிழாக்களில் வீதியோரம் எழும் தாகசாந்தி நிலையங்களும், கச்சான் கடைகளும் அப்பழைய கணக்கின் எச்சங்களே.

கடல்வழி வந்தோர் நிலை வேறு. சோழமண்டலக் கரையில் புயலுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அக்கரையில் நங்கூரமிட்ட கப்பல் அழிவை எதிர்நோக்கியே நின்றது. திருகோணமலையின் ஆழ்ந்த உட்குடாவோ எக்காற்றிலும் அசையாதது. விறகும் நன்னீரும் உணவுப் பொருளும் கரையிலேயே பெறத்தக்கவை. 1620இல் தேனியரும், அவரையடுத்துப் போர்த்துக்கேயரும், 1639இல் ஒல்லாந்தரும் இதற்காகவே வந்தனர். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இக்கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைகொண்டனர்.

இவர்களுள் ஒருவர் கதை தனித்துக் கூறத்தக்கது. 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினக் கரையில் புயலிற் சிக்கிப் பெரும்பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, அதனைச் சீர்செய்யவும் வாணிகம் செய்யவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கரையிறங்கிய தலைவரையும், ரொபேட் நொக்ஸ் என்னும் அவர் மகனையும், உடன் வந்தோரையும் கண்டியரசனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். அகப்பட்டோர் பதினறுவர். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் அது நிகழ்ந்தது என்று சொல்வர். தந்தை மறு ஆண்டே நோயால் இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலங்கழித்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பினார். 1681இல் வெளிவந்த அவர் நூலில் அரசியல் செய்திகள் உண்டு. ஆயினும் நெல்வகைகளும், பலாப்பழமும், அடுக்களை வழக்கங்களும் கூறப்பட்ட பகுதிகளே இன்றும் உயிரோடிருப்பன. விரும்பி வந்த பயணிகள் பலர் கோட்டைச் சுவரின் அளவை எழுதிச் சென்றனர். விரும்பாமல் தங்க நேர்ந்தவரோ மக்கள் உண்டதை எழுதினார். எவர் எழுத்து மிகுந்த பயனுடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்து போனோர் அனைவரும் கோட்டையில் தம் பெயரைப் பொறிக்க முயன்றனர். 1803இல் ஆங்கிலேயர் தம் இளவரசரின் பெயரால் அதனைப் பிரெட்ரிக் கோட்டை என்றனர். ஆனால் அவர்களின் நிலையான தடம் அடுக்களையிலேயே காணப்படுகின்றது. கிழக்குக் கரையின் மீன்குழம்பைச் சிவப்பாக்கும் மிளகாய் அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துக்கேயர் வழியாக வந்தது. காலையில் சம்பலுடன் உண்ணப்படும் பாண் என்பது பெயராலும் போர்த்துக்கேயமே. இசுலாமியர் இல்லங்களில் விருந்துக்குச் சமைக்கும் வட்டிலப்பம் மலாயரோடு வந்ததென்பர். நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஆண்டுகளை மனனஞ் செய்வதிலும், ஒரு நாட் காலையுணவை ஆராய்ந்தால் நன்றாய் வரலாறு கற்பர்.

ஆங்கிலேயர் காலத்தில் நகரம் இரண்டாய்ப் பிரிந்தது. ஒருபுறம் கோட்டையும், கப்பற்பட்டறையும், அவர்கள் ஓர்ஸ் ஹில் என்றழைத்த உவர்மலை மாளிகைகளும். மறுபுறம் பெருந்தெருவின் வீடுகளும், பிரதான வீதியின் கடைகளும், திருக்கடலூரின் மீனவர் குடில்களும். 1927இல் புகைவண்டி வந்தது. கொழும்பிலிருந்து இரவு புறப்பட்டோர் காலையில் கடலைக் கண்டனர். இரண்டாம் உலகப்போரில் துறைமுகம் கப்பல்களால் நிறைந்தது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டபோது நாடு மகிழ்ந்தது; கப்பற்பட்டறையை நம்பி வாழ்ந்த குடும்பங்களும், அவர்களுக்குச் சோறும் தேநீரும் விற்ற கடைகளும் அவ்வாறு மகிழ்ந்திருத்தல் இயலாது. வந்தோர் உண்ணும் உணவில் தங்கியிருந்த நகரம், வந்தோர் போனபின் பசித்தது.

வழிபாடு மட்டும் இடையறவில்லை. கோயில் இல்லாத காலத்திலும் சுவாமிமலை உச்சியில் நின்று பழமும் தேங்காயும் பூவும் கடலில் இட்டனர். 1950இல் கிணறு தோண்டியபோது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

நகருக்கு வடக்கே, உப்புவெளியைக் கடந்தால் சல்லி. கடலோரத்து முத்துமாரியம்மன் கோயிலாலும், மீன்பிடித் தொழிலாலும் அறியப்பட்ட சிற்றூர் அது. பயண நூல்கள் உப்புவெளியையும் நிலாவெளியையும் விரித்துரைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட இவ்வூரைத் தாண்டிச் செல்லும். 1970களில் இக்கரையெங்கும் விடுதிகள் எழுந்தன. 1983இன் பின்னர்ப் போர் அவற்றை வெறுமையாக்கியது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரை மக்களின் வீட்டையும் வள்ளத்தையும் வலையையும் வாரிச் சென்றது. 2009இல் போர் முடிந்ததும் விடுதிகள் மீண்டும் பெருகின.

இங்குதான் சிந்திக்க வேண்டியதொன்று உண்டு. கரைவலை இழுப்பதற்கு நீண்ட திறந்த மணற்பரப்பு வேண்டும். அதனை மீனவர் பாடு என்பர். வலையின் ஒரு தலைப்பைக் கரையில் நிறுத்தி, வள்ளத்தில் வலையைக் கடலில் வளைத்து, மறுதலைப்பைத் தொலைவில் கரைசேர்த்து, இரு புறமும் ஆட்கள் நின்று மணிக்கணக்காய் இழுப்பர். கரையில் வேலியொன்று எழுந்தால் இழுப்போர்க்கு நிற்க இடமில்லை. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடமில்லை. அந்நிலையில் விடுதி மேசைக்கு வரும் மீன், எதிரேயுள்ள கடலிலிருந்து வாராது பனிக்கட்டிப் பெட்டியில்தான் வரும். கடலைக் காண வந்த பயணியின் வசதி, கடலால் வாழ்வோரின் பாட்டை விழுங்குமாயின், அவர் எதை உண்ண வந்தாரோ அதுவே இல்லாமற் போகும்.

ஆதலின் இக்கரைக்கு வருவோர் பழைய யாத்திரிகரின் கணக்கையே கைக்கொள்ளலாம். ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையும், கடல் கொந்தளிக்கும். சித்திரை முதல் ஆவணி வரை கடல் அமைதி. மேற்குக் கரை மீனவரும் இங்கு வந்து வாடியமைக்கும் காலம் அது. அம்மாதங்களில் விடியுமுன் எழுந்து கரைக்குச் செல்வோர் கீரியும் சாளையும் பாரையும் வலையில் துள்ளக் காண்பர். விலை பேசுவதைக் கேட்பர். பின்னர் நகருக்குள் நடந்து, மான்கள் மேயும் கோட்டை வழியே கோணேசரை வணங்கி, தேநீர்க் கடையொன்றில் புட்டும் மீன்குழம்பும் உண்ணலாம். எருமைத் தயிர் வேண்டுவோர் கிண்ணியாப் பக்கம் செல்வர்; ஒருகாலத்தில் அதற்குத் தோணித்துறையிற் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009இல் பாலம் திறந்தபின் மண்சட்டித் தயிரோடு அன்று நண்பகலுக்கு முன்னரே சல்லிக்குத் திரும்பிவிடலாம்.