திருகோணமலை: துறைமுகமும் நகரும்

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. துறைமுகம் எவர் வசம் இருந்தது என்பதே முதன்மை பெற்றது. அதன் கரையில் மக்கள் எவ்வாறு பிழைத்தனர் என்பது அரிதாகவே வினவப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குமிடத்து, இத்துணைச் சிறந்த துறைமுகத்தின் கரையில் நகர் ஏன் சிறிதாகவே நின்றது என்பது புலனாகும்.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 இல் அது ஜனவரியில் ஆங்கிலேயரிடமும் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறிற்று. பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்டு, 1795 இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் போர்க்கப்பல்கள் ஒதுங்குதற்கு இந்தியாவின் கிழக்குக் கரையில் இத்தகைய புகலிடம் இன்மையே இப்போட்டியின் அடிப்படையாகும். வணிகத்தினும் போரே இத்துறைமுகத்தை வேண்டி நின்றது எனலாம்.

வணிகமோ வேறு திசையிற் சென்றது. மலைநாட்டுக் கோப்பியின் ஏற்றுமதியை நோக்காகக் கொண்ட கொழும்பு-கண்டிப் புகையிரதப் பாதை 1867 இல் நிறைவுற்றது. 1885 இல் கொழும்பின் அலைதடுப்பு அணை முடிவுற, இயற்கை வழங்காத துறைமுகத்தை மூலதனம் அங்கு உருவாக்கிற்று. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்ததோ 1927 இலேயாம். நகர்களின் வளர்ச்சியை நிர்ணயித்தது இயற்கையன்று. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் தேவையே.

திருகோணமலைக்குக் கிட்டியது கடற்படைத் தளத்தின் ஊதியம். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அத்தளத்தின் பொருட்டே. 1957 இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்தமை இறைமையின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயின், அதனை நம்பியிருந்த தொழிலாளர்க்கு அதுவே வேலையிழப்புமாயிற்று. அயலார் தேவைக்காக வளர்ந்த நகர், அத்தேவை ஒழிந்தபோது தளர்ந்தது.

1983 இன் வன்செயல்களும் பின்வந்த போரும் நகரின் வாழ்வை மேலும் குலைத்தன. இவற்றுக்கிடையிலும் அன்புவழிபுரம் போன்ற குடியிருப்புகள் நகரின் சூழலில் நிலைத்துள்ளன. கோட்டையின் வரலாற்றில் இடம்பெறாத இவையே நகரின் மெய்யான வரலாறு.

எஞ்சிய 99 எண்ணெய்த் தாங்கிகள் குறித்து 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்பாடு கண்டன. அவற்றுள் 61 தாங்கிகள் கூட்டு முயற்சிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும் ஒதுக்கப்பட்டன. தாங்கிகள் எவர்க்கு என்ற வினாவுக்கு விடை கிடைத்துள்ளது. அவற்றால் வரும் தொழிலும் வருவாயும் அக்கரையில் வாழ்வோர்க்கு எவ்வளவு என்பதே இனி வினவப்பட வேண்டியதாகும்.