கவுண்டி எழுத்தர் அலுவலகப் பத்திரப்பதிவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீடும் நிலமும் கைமாறும்போது எழுதப்படும் பத்திரங்களைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றும் பொறுப்பு பெரும்பாலும் கவுண்டியைச் சேர்ந்தது. கவுண்டி, மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. கிரயப் பத்திரம், அடமானம், அடமான ரத்து, வரிபாக்கிக்காகச் சொத்தின்மீது ஏறும் பற்றுரிமை ஆகியவை இங்கே பதிவாகின்றன. டெக்சாஸில் கவுண்டி எழுத்தரும் கலிஃபோர்னியாவில் கவுண்டி பதிவாளரும் இதைச் செய்கின்றனர். கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்களில் இது ஊர் எழுத்தரின் வேலை. ஹவாயில் மாநிலம் முழுமைக்கும் ஒரே அலுவலகம். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் தனியாக இருந்த பத்திரப்பதிவாளர் பதவி 2020 டிசம்பரில் எழுத்தர் அலுவலகத்தோடு இணைந்தது.

பதிவு உரிமையை உண்டாக்குவதில்லை. விற்பவர் கையெழுத்திட்டுப் பத்திரத்தை ஒப்படைத்து, வாங்குபவர் ஏற்றுக்கொண்டாலே சொத்து மாறிவிடும். இந்தியாவில் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலக் கிரயம் பதிவானால்தான் செல்லும். அமெரிக்காவில் பதியாத பத்திரமும் அவ்விருவருக்கிடையே செல்லும். மூன்றாமவர் நுழையும்போதுதான் பதிவின் பலம் தெரியும். மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் 1640-இலேயே இதைச் சட்டமாக்கியது.

ஒருவர் தம் வீட்டைத் திங்கட்கிழமை ஒருவருக்கும் புதன்கிழமை வேறொருவருக்கும் விற்கிறார். முதலாமவர் பத்திரத்தைப் பதியவில்லை. இரண்டாமவர் முந்திக்கொண்டு பதிகிறார். வட கரோலினாவில் முதலில் பதிந்தவருக்கே வீடு, முந்தைய விற்பனை அவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி. மாசசூசெட்ஸில், வாங்கும்போது முந்தைய விற்பனையை அறியாதிருந்தாரா என்பதே கேள்வி. நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இரண்டும் வேண்டும்: அறியாமல் வாங்கியிருக்க வேண்டும், முதலில் பதிந்தும் இருக்க வேண்டும். எந்த மாநிலமானாலும் பத்திரம் கைக்கு வந்ததும் பதிந்துவிடுவதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

பத்திரத்தில் இரு தரப்பார் பெயரும் சொத்தின் எல்லை விவரமும் இருக்க வேண்டும். கையெழுத்தை நோட்டரி சான்றளித்திருக்க வேண்டும். எழுத்தர் கட்டணத்தைப் பெற்று, தேதியும் நேரமும் ஆவண எண்ணும் இட்டு, படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவார். விற்பவர்தான் உண்மையான உரிமையாளரா என்று அவர் ஆராய்வதில்லை. அந்த அதிகாரமும் அவருக்கில்லை. அமைப்பு சரியாக இருந்தால் போலிப் பத்திரமும் பதிவாகிவிடும். போலி ஒருநாளும் உரிமை தராது என்றாலும், அதை நீக்க உண்மையான உரிமையாளர் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. முதியோரின் வீடுகளும் ஆளில்லாத மனைகளுமே இந்த மோசடிக்கு அதிகம் இலக்காகின்றன. தம் பெயரில் ஏதேனும் பதிவானால் தகவல் அனுப்பும் இலவச வசதியைப் பல கவுண்டிகள் தருகின்றன. சொத்துள்ள ஒவ்வொருவரும் அதில் சேர்ந்துகொள்வது நல்லது.

உரிமையை ஆராயும் வேலை இவ்வாறு வாங்குபவர் தலையில் விழுகிறது. விற்றவர், வாங்கியவர் பெயர்களின் அகரவரிசை அட்டவணையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு உரிமையாளராகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு பெயர் பிழையாக ஏறியிருந்தால் சங்கிலி அங்கே அறுந்துவிடும். இந்த அபாயத்துக்கு ஈடாக உரிமைக் காப்பீடு தோன்றியது. அதற்கான முதல் நிறுவனம் 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது.

பதிவேடு அழிந்தால் என்னவாகும் என்பதை 1871 அக்டோபரில் சிகாகோ கண்டது. பெருந்தீயில் நீதிமன்றக் கட்டடம் எரிந்து குக் கவுண்டியின் ஆவணங்கள் சாம்பலாயின. தனியார் நிறுவனங்கள் தொழிலுக்காக எழுதி வைத்திருந்த உரிமைச் சுருக்க ஏடுகள் சிலவே தப்பின. அவற்றைச் சான்றாக ஏற்க வழிசெய்து இல்லினாய் மாநிலம் 1872-இல் சட்டம் இயற்றியது.

பதிவேடு அநீதியையும் காத்து வந்திருக்கிறது. கறுப்பினத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏராளமான பத்திரங்களில் எழுதப்பட்டன. அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் அத்தகைய பாகுபாட்டையே தடைசெய்தது. ஆனாலும் அந்த வாசகங்கள் ஏடுகளில் கிடக்கின்றன. கலிஃபோர்னியா உள்ளிட்ட மாநிலங்களில், நிபந்தனை நீக்கப்பட்ட திருத்தப் பத்திரத்தை உரிமையாளர் பதிந்துகொள்ளலாம்.