உடுவிலிற் பட்டியும் தோட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு எழுதப்பெற்றபோதெல்லாம் அரசர், கோயில், கல்விக்கூடம் என்பனவே முதன்மை பெற்றன. உடுவில் என்றதும் 1824இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய பெண்கள் பாடசாலையே பலருக்கும் நினைவுக்கு வரும். அவ்வூர்ச் செம்மண்ணை வளப்படுத்திய மாட்டுப்பட்டி பற்றி நாம் அரிதாகவே எழுதியுள்ளோம்.

ஆறுகளற்ற, சுண்ணக்கற்பாறை மீதமைந்த நிலம் இது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கின்றது. எஞ்சிய மாதங்களிற் கிணற்று நீரே கதி. இத்தகைய வறள்நிலத்திற் பெரும் மேய்ச்சற் பண்ணைகள் தோன்றாதது ஏன் என்ற வினா எழும். அர்ஜென்டீனாவின் புல்வெளிகளிற் பரந்த நிலவுடைமையும் இறைச்சி, தோல் என்பவற்றின் வெளிநாட்டுச் சந்தையும் பண்ணைகளை உருவாக்கின. உடுவிலிலோ நிலம் சிறு துண்டுகளாகப் பிரிந்திருந்தது. குடிசனச் செறிவும் மிகுதி. ஆதலால் மந்தை வளர்ப்பு தோட்டச் செய்கையின் துணைத்தொழிலாகவே அமைந்தது.

இங்கு மந்தையின் முதன்மைப் பயன்களுள் ஒன்று எருவாகும். ஒல்லாந்தர் காலத்திலும் பின்னரும் ஏற்றுமதிப் பயிராக விளங்கிய புகையிலை, எருவை மிகுதியாக வேண்டிநின்றது. பகலிற் தரவைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்ந்த ஆடுமாடுகள் இரவிற் தோட்டத்தில் அடைக்கப்பட்டன. பட்டியின் வேலி நாளுக்குநாள் நகர்த்தப்பட, நிலம் முழுவதும் எருவேறியது. குழை தாழ்த்தலும் இதனுடன் இணைந்தது.

பட்டி அடைத்தலை வெறும் உழவு நுட்பமாக மட்டும் நாம் நோக்குதல் போதாது. அது ஓர் உற்பத்தி உறவுமாகும். பொதுத் தரவையின் புல் எருவாகித் தனியார் தோட்டத்தின் வளமாயிற்று. நிலமற்றோர், குறிப்பாகச் சாதியமைப்பால் ஒடுக்கப்பட்டோர், மண் கொத்தியும் துலா மிதித்தும் உழைத்தனர்; விளைவின் பெரும்பங்கு நிலவுடைமையாளரைச் சேர்ந்தது. சொந்தப் புற்றரை இல்லாதவனுக்கு ஓரிரு ஆடுகளேனும் வளர்க்க உதவியது பொதுத் தரவையே. அது சுருங்கியபோது முதலிற் பாதிப்புற்றவனும் அவனே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரசாயன உரமும் நீரிறைக்கும் இயந்திரமும் இவ்வுறவை மாற்றின. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் உரமும் எரிபொருளும் அரிதாகியபோது, மாட்டெருவின் பெறுமதி மீளவும் உயர்ந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது கால்நடைகள் பல கைவிடப்பட்டன. இன்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளதை ஆய்வுகள் காட்டுகின்றன. மிகையான உரப்பாவனை அதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.

பழைய பட்டிமுறையைப் பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. மண்வளம் பேணிய அதே சமூகம் மனிதரை ஒடுக்கியும் வைத்திருந்தது. எனவே இயற்கை எருவுக்கு மீளுவோம் என்று கூறுவதோடு நாம் அமைதல் ஆகாது. எஞ்சியுள்ள தரவைகளிலும் நிலத்தடி நீரிலும் நிலமற்றோருக்குரிய உரிமை யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.